சங்கிலிக்கு இந்தப் பக்கம்

நான். ரவாங்கிலிருந்து வந்த என் தம்பி. என் மனைவியின் அண்ணன். எதிர்வீட்டு லோரிக்காரன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வு பெற்ற மண்டோர். அன்று காலை தோட்டத்து இடுகாட்டு வாசலில் நின்றவர்கள் இவ்வளவுதான். பெண்கள் வழக்கப்படி வீட்டோடு நின்றுவிட்டார்கள். அப்பா லோரியில், பெட்டிக்குள்.

முந்தின நாள் சாயங்காலமே குழி வெட்டிவிட்டோம். அம்மாவுக்குப் பக்கத்தில். அப்பா கேட்டது அது ஒன்றுதான். எங்கள் தோட்டத்தில் சாவுக்கு யாரிடமும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லை. மண்வெட்டியை எடுப்போம், வெட்டுவோம். புது மேனேஜர் வந்த பிறகும் அப்படியே இருந்துவிட்டோம். காலையில் போனால் வாசலில் சங்கிலி, பூட்டு.

வாசலோரம் நிறுத்தியிருந்த காரைவிட்டு மேனேஜர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, பக்கத்தில் நின்ற ஆபீஸ் கணக்கப்பிள்ளை கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னய்யா சொல்றாரு?"

கிராணி தலையைக் குனிந்துகொண்டான். "கிளைம்ப் டவுன் பண்ணிடுவாங்கன்னு சொல்றாரு அண்ணே."

"அப்படின்னா?"

"முறுக்கிக்கிட்டு நிக்கிறவன் கடைசியில தானா இறங்கி வருவான்ல, அது. நெலத்த வித்தாச்சாம். சங்கிலியத் தாண்டினா தோட்டம் குடுத்த லயத்து வீடு, லோரி வேலை எல்லாம் போயிடுமாம்."

"எங்கப்பன் ஒடம்பு முடியிற வரைக்கும் இந்தக் காட்டுலதான் செம்பனைக் குலை வெட்டினாரு. நான் எங்கய்யா ஏறினேன், இறங்குறதுக்கு?"

தாண்டித் தூக்கிக்கொண்டு போவோம், யாரும் பின்வாங்கக் கூடாது என்றேன். சரி என்றார்கள். மண்டோர்தான் சத்தமாகச் சொன்னார். முதலில் துண்டை உதறித் தோளில் போட்டதும் அவர்தான்.

"வீட்டப் புடுங்கிட்டா இந்த வயசுல நான் எங்கடா போவேன்?" போய்விட்டார்.

என் மனைவியின் அண்ணன் பெட்டியில் கை வைத்தபடி நின்றார். தம்பி ஓடிவிடுவான் என்று நினைத்திருந்தேன். ஆபீஸ் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டிப் பக்கம் வந்தான். "புடிண்ணே."

அப்போது லோரிக்காரன் வாயைத் திறந்தான். "அண்ணே, டவுன்ல எரிச்சிடலாம்லா. நானே கொண்டு போறேன், காசு வேணாம்."

"ஒங்கிட்ட எவன்டா காசு கேட்டான்? ஒரு மூலையப் புடி."

லோரியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவை டவுனில் எரித்தோம். வெட்டின குழியைச் சும்மா விடக் கூடாது, ஆளுக்குப் பதில் எதையாவது புதைக்க வேண்டும் என்பது வழக்கம். மறுநாள் நான் மட்டும் சங்கிலியைத் தாண்டிப் போய், ஒரு வாழைத்தண்டை வைத்து மூடினேன். இப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் வாழைத்தண்டு.

மண்டோர் கடையில் கண்டால் டீ சொல்கிறார். நான் குடிப்பதில்லை. அண்ணனும்தான் கடைசியில இறங்கி வந்தாரு என்று என்னைப் பற்றி லோரிக்காரன் சொல்லித் திரிகிறானாம்.

பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும்.

நின்றது மூன்று.