கறுப்புத் துணிக்குள் தைத்த தகடு

கச்சான் காற்று தொடங்கிவிட்டது என்பதை எங்கள் வீட்டில் முதலில் அறிவது என் மூக்குத்தான். மேற்கே வயல்களில் சிறுபோக அறுப்பு நடக்கும் காலத்தில், காய்ந்த வைக்கோலும் பதரும் சுடுமண்ணும் கலந்த மணத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் காற்று கல்முனைக்குள் வரும். மற்றவர்களுக்கு அது புது நெல்லின் மணம், அறுப்பு முடிந்ததும் வரப்போகும் கல்யாணங்களின் மணம். எனக்கோ தொண்டைக்குள் யாரோ பஞ்சை வைத்து அடைப்பதுபோல இருக்கும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்தத் தொடங்கும், தோள்கள் தாமாகவே மேலெழும், நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து, ஊருக்கெல்லாம் போதுமான காற்று எனக்கு மட்டும் ஏன் போதவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஆஸ்துமா என்ற பெயரை நான் பிறகுதான் அறிந்தேன். ஊரில் அதற்கு "முட்டு" என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயரும் கிடையாது. யார் கேட்டாலும் "சளிக்குணம்" என்று சொல்லி உம்மா பேச்சை மாற்றிவிடுவார்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். எங்கள் கரையோரத்தில் கல்யாணம் முடிந்து பெண் புறப்பட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியேறுவான். ஆகவே பெண்பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பன் அன்றிலிருந்தே கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவான். சந்தையில் சில்லறைக் கடை வைத்திருந்த என் வாப்பாவும் எங்கள் வளவின் தெற்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருந்தார். அதற்குள் வரவேண்டிய மாப்பிள்ளையும் முடிவாகியிருந்தான்: வாப்பாவின் தங்கை, இறக்காமத்தில் வயலும் உழவு இயந்திரமும் வைத்திருந்த என் மாமியின் மகன். நான் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே பேசி வைத்த பேச்சு அது. எனக்குக் கீழே ஒரு தங்கச்சியும் இருந்தாள். உம்மாவின் கணக்கு எளிதானது: மூத்தவளுக்கு வருத்தம், அதாவது நோய், என்று வெளியே தெரிந்தால் அது குடும்ப வருத்தமாகிவிடும், பிறகு இரண்டு பேருக்குமே ஆள் வராது.

ஒருமுறை தலையிடிக்கென்று கடையில் வாங்கித் தந்த குளிசை மாத்திரையைக் குடித்து, உதடு நீலமாகி, என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே இருந்த டாக்டர், காரைதீவுப் பக்கத்துத் தமிழர், நான் பிழைத்த பிறகு வாப்பாவை அழைத்துக் கண்டிப்பாகச் சொன்னார்: "இந்தப் பிள்ளையால முட்டு வாற நேரம் கதைக்க ஏலாது. என்ன வருத்தம், எந்தக் குளிசை ஆகாது எண்டு எழுதி உடம்பில போட்டு விடுங்க. இன்னொருக்கா இதக் குடுத்தா நான் ஒண்டும் செய்ய ஏலாது." உம்மா அந்த வாக்கை வீட்டு வாசலுக்கு வருமுன்பே மறந்துபோனார். வாப்பா மறக்கவில்லை. குவைத்தில் சாரதியாக இருந்த உம்மாவின் தம்பிக்கு அவர் விஷயத்தைச் சொல்லி அனுப்பினார்.

மாமா விடுமுறையில் வந்தபோது ரேடியோ கசற், அத்தர், பளபளக்கிற புடவைத் துணிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சிறிய பெட்டி இருந்தது. அதற்குள் கையில் மாட்டுகிற சங்கிலியோடு ஓர் உருக்குத் தகடு. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபு. அரபு எழுத்தைக் கண்டதும் உம்மா "பிஸ்மில்லாஹ்" என்று அதை வாங்கி, முத்தமிட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். அதில் எழுதியிருப்பது மகளின் வருத்தத்தின் பெயரும் ஆகாத மருந்தின் பெயரும் என்று மாமா சொன்னதும், நெருப்பைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் மூன்று பேரும் என் கையைப் பற்றிக் கதைத்தார்கள். கைக்குச் சொந்தக்காரி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"வருத்தக்காரி எண்டு கையில எழுதிக் கட்டிவிட்டா நாளைக்கி யாரு இந்த வீட்டுல வந்து கால் வெப்பான்?" என்றார் உம்மா.

"தங்கச்சிக்கிட்ட சொன்னா என்ன? அவ என்ன பிறத்தியா?" என்றார் வாப்பா.

"இஞ்ச பாருங்க, இண்டைக்கி அவ உங்கட தங்கச்சி. நாளைக்கி மாப்பிள்ளைட உம்மா."

சந்தையில் யாருடனும் சரிக்குச் சரி நின்று கதைக்கிற வாப்பா, வீட்டுக்குள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எப்போதும் தோற்றுப்போவார். மாமாதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போடுறது நீதானே மகள், நீ என்ன சொல்றாய்?"

நான் வாயைத் திறக்குமுன் உம்மா சொன்னார்: "அவள் என்ன சொல்றது? சின்னப் பிள்ளை."

நான் சொல்ல இருந்ததை இப்போது சொல்கிறேன், அப்போது கேட்க ஆளில்லை. எனக்கு அந்தத் தகடு பிடித்திருந்தது. அதைக் கையில் மாட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூச்சுக்காக அடித்துக்கொள்கிற நேரத்தில் எனக்காகக் கதைப்பதற்கு ஒருவர் கிடைத்துவிட்டார் என்று தோன்றியது. என் வருத்தத்துக்கு ஒரு பெயர் உண்டு, அதை யாரோ ஒருவர் வெட்கப்படாமல் அழகான எழுத்தில் வெட்டியிருக்கிறார் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் ஒரு பின்னேரம் மட்டும் நீடித்தது.

மறுநாள் உம்மா சங்கிலியைக் கழற்றி எடுத்துவிட்டு, தகட்டைக் கறுப்புத் துணியில் மடித்து, நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்து, கறுப்புக் கயிறு கோர்த்து என் இடது புயத்தில் கட்டினார். பார்ப்பதற்கு அது "இசிம்" ஆகிவிட்டது. கண்ணூறுக்கும் ஜின்னுக்கும் காவலாக, ஓதி எழுதித் துணிக்குள் தைத்துக் கட்டுகிற தாயத்தை எங்கள் பகுதியில் அப்படித்தான் சொல்வோம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் கையில் அது இருந்தது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதைவிட முக்கியமானது, யாரும் அதைப் பிரிப்பதில்லை. தைத்த இசிமைப் பிரித்தவனின் கை வழங்காமல் முடங்கிப் போகும் என்று அன்றைய ஊர் நம்பியது. "டாக்டர் உடம்புல போடச் சொன்னார், போட்டாச்சு" என்று உம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். தான் செய்தது கெட்டித்தனம் என்று அவர் நம்பினார். வாப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கச்சானில் மாமியே உழவு இயந்திரத்தில் ஏறி வந்து, பள்ளிக்கூட விடுமுறைக்கு என்னை அனுப்பும்படி கேட்டார். முன்பெல்லாம் ஏதோ சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்த உம்மாவுக்கு அந்த முறை சாட்டு அகப்படவில்லை. மீண்டும் மறுத்தால் மாமி சந்தேகப்படுவார் என்று அறுப்புக் காலத்து இறக்காமத்துக்கு என்னை அனுப்பிவைத்தார். புறப்படும்போது காதுக்குள் சொன்னது ஒன்றுதான்: "என்ன கேட்டாலும் சளிக்குணம் எண்டு சொல்லு."

மாமி நல்ல மனுஷி. எனக்கென்று கோழி அறுத்தார், தன் தலையணையை எனக்குத் தந்தார், மருமகள் வந்திருக்கிறாள் என்று அயல் முழுக்கச் சொன்னார். ஆனால் அவருடைய வீட்டுக்குப் பின்னால்தான் களவெட்டி, நெல் அடிக்கிற களம். மச்சான் உழவு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சூடடித்துக்கொண்டிருந்தான், தூசு கூரைக்குமேல் நின்றது. முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூலையில் இருந்த என்னிடம் மாமி வந்தார்.

"ஏன்கா முகம் வாடிக் கிடக்கு?"

"தலையிடிக்குது மாமி. சளிக்குணம்."

சொல்லித்தந்ததைச் சொன்னேன். மாமி பெரிய கோப்பை நிறையச் சீனி போட்டுக் கோப்பி கொண்டுவந்து, "ஒரு மிடறும் மிச்சம் வெக்காமக் குடிகா" என்று பக்கத்தில் இருந்து குடிக்கவைத்தார். அடியில் ஒரு கைப்பு இருந்தது. பிள்ளைகள் குளிசையைத் துப்பிவிடுவார்கள் என்று, கடையில் வாங்கிய தலையிடிக் குளிசையை அதில் கரைத்திருந்தார். அன்பாகத்தான் செய்தார்.

கோப்பை காய்வதற்குள் முட்டு வந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. குரல் இல்லை, கண் பிதுங்குகிறது, நெஞ்சு இறுகிப் பலகையாகிவிட்டது. ஆனால் புத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது. புயத்தில் இருக்கிற தகடு ஞாபகம் வந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் படித்தால் போதும். வலது கை நகத்தால் அந்தத் துணியைப் பிறாண்டினேன், தையல் அசையவில்லை. கையை மடக்கிப் பல்லால் கடித்தேன். உம்மாவின் தையல், லேசில் விடுமா?

அப்போதுதான் மாமி அலறினார்: "அல்லாஹ்வே, புள்ளைட இசிமைக் கழட்டப் பாக்குது! கையப் பிடிங்க, கையப் பிடிங்க!"

எனக்குள்ளே புகுந்த ஜின் தன்னைத் தடுக்கிற காவலைப் பிய்த்தெறியப் பார்க்கிறது என்று அவர் நினைத்தார். வேறு எதை நினைக்க முடியும்? மருமகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றுதானே அவருக்குச் சொல்லியிருந்தோம். களத்தில் நின்ற பெண்கள் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பாயோடு சேர்த்து அழுத்தினார்கள். மாமி இன்னொரு கயிறு எடுத்து, இசிமுக்கு மேலால் சுற்றி, சதை பிதுங்க இறுக்கிக் கட்டினார். பிறகு ஓதி என் முகத்தில் ஊதினார். அழுதுகொண்டே ஊதினார். என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருளை என்னிடமிருந்து காப்பாற்றுவதற்காக என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். "உம்மா, ஓதுறத வழியில ஓதுங்க, ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போவம்" என்று என்னைத் தூக்கி இழுவைப் பெட்டியில் கிடத்தி, இயந்திரத்தைப் பறக்கவிட்டான். நான் இன்று இருப்பது அந்த ஒரு சொல்லால்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடவந்த தாதி மிஸி என் கையைப் பார்த்தாள். கயிற்றுக்குக் கீழே கை வீங்கிக் கறுத்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்ததும் மாமி குறுக்கே விழுந்தார்: "அத வெட்டாதங்க மிஸி, அது புள்ளைக்கிக் காவல்." மிஸி வெட்டிவிட்டாள். இசிம் சீமெந்துத் தரையில் விழுந்து கிணுங்கென்று சத்தம் போட்டது. துணியும் கடதாசியும் அப்படிச் சத்தம் போடாது என்று மிஸிக்குத் தெரிந்தது. குனிந்து எடுத்து, தையலைக் கத்தரித்துப் பிரித்து, படித்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது இரண்டே கேள்விகள்: "என்ன குளிசை குடுத்தீங்க? யார் இதத் தைச்சது?"

முதல் கேள்விக்கு மாமி முந்தானை முடிச்சை அவிழ்த்து மிச்சக் குளிசையைக் காட்டினார். இரண்டாவது கேள்விக்கு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

உம்மாவும் வாப்பாவும் பஸ் பிடித்து வந்துசேர்ந்தபோது மாமி வார்டு வாசலிலேயே அவர்களை மறித்தார். சத்தம் போடவில்லை. "வருத்தம் அல்லாஹ் தந்தது மச்சி, அதக் குத்தம் சொல்ல நான் யாரு? தெரிஞ்சாலும் ஓம் எண்டு மகனுக்குக் கட்டித்தான் வெச்சிருப்பன். ஆனா என்ட கையால என்ட மருமகளக் கொல்ல வெச்சிட்டீங்களே. இந்தக் கோப்பிய நான் மௌத்தாகும் வரைக்கும் மறப்பனா?" என்றார். வாப்பா தங்கையின் முன்னால் தலை குனிந்து நின்றார். பேசி வைத்த பேச்சு அந்த வாசலோடு முடிந்தது.

உம்மா அந்தத் தகட்டைக் கிணற்றில் எறிந்தார். "அது வராட்டி ஒண்டும் வந்திராது" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்; துணியைப் பற்றி ஒருநாளும் சொல்லவில்லை. கதை கல்முனைக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, அதுவும் வளர்ந்து வந்தது: எனக்கு முட்டு என்றும் கதைத்தார்கள், ஜின் என்றும் கதைத்தார்கள். பெண் கேட்டு வந்த ஒன்றிரண்டு பேரும் விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். நான் படித்து ஆசிரியையானேன். தெற்குப் பக்கத்து வீடு எழும்பியபோது அதில் தங்கச்சியின் மாப்பிள்ளை வந்து குடியேறினான். எனக்குப் பின்னறை தந்தார்கள். தந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும், என் பெயரில் அத்திவாரம் போட்ட வீட்டில்.

இப்போது களவெட்டிகள் இல்லை. அறுத்து, அடித்து, மூட்டையாக்கித் தருகிற பெரிய இயந்திரங்கள் வந்துவிட்டன. கிணற்றுக்குச் சீமெந்து மூடி போட்டாயிற்று. இசிம் கட்டுவது மார்க்கத்தில் இல்லை என்று சொல்லப்பட்டபின் ஊரே கழற்றிப்போட்டுவிட்டது, இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லும் தெரியாது. என் கைப்பையில் மூச்சுக்கு அடிக்கிற மருந்து எப்போதும் இருக்கிறது, சபையில் வைத்தே அடிக்கிறேன். இடது புயத்தில் கயிறு வெட்டிய கறுப்புக் கோடு இன்னும் போகவில்லை.

தங்கச்சியின் மகளுக்கும் இந்த முட்டு வந்திருக்கிறது. அவளுக்கு ஆகாத மருந்தும் உண்டு. நான் கொழும்பிலிருந்து அவளுக்கு ஒரு தகடு செய்வித்து எடுத்தேன், பெயர் வெட்டிய அழகான தகடு. போன கிழமை அதை அவள் முன்னால் வைத்து, "போடுறது நீதானே மகள், நீ என்ன சொல்றாய்?" என்று கேட்டேன். அவள் கையைப் பாதி நீட்டினாள்.

குசினிக்குள்ளிருந்து தங்கச்சி வந்தாள். "அவள் என்ன சொல்றது ராத்தா? வெள்ளிக்கிழமை பாக்க வாறாங்க. கல்யாணம் முடியட்டும், பொறகு போடட்டும்" என்று தகட்டை எடுத்து, ஒரு கறுப்புப் பைக்குள் போட்டு, அலுமாரியில் நகைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். பிள்ளை நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

கச்சான் தொடங்கிவிட்டது. தகடு அலுமாரிக்குள்தான் இருக்கிறது.