சுவெட்டருக்குள் போன மெமரி

கண்டியில் டியூட்டரி நடத்தி டியூஷன் கொடுத்த மாஸ்டர் ஒருவர், மாதிரி வினாத்தாள்களைத் தமிழில் டைப் செய்யும் வேலையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை முதலாவது தாளைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேறு ஆள். படித்துவிட்டு பன்விலத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு அது பெரிய வேலை. அதற்காகவே மாதக்கணக்கில் பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்பியூட்டரைப் பொருத்திக்கொண்டிருந்தேன். மெமரி மட்டும்தான் குறை.

சனிக்கிழமை டவுனுக்குப் போனேன். கடைக்கார நானா எடுத்து வைத்ததைப் பார்த்ததுமே வேண்டாம் என்றேன்.

"இந்த மெமரிக்கு அடியில ரெண்டு வெட்டு இருக்கு நானா. என் போர்டுக்கு ஒரு வெட்டு உள்ளதுதான் சரி."

போர்டோடு வந்த புத்தகத்தை நான் கரைத்துக் குடித்திருந்தேன். நானா சிரித்துக்கொண்டே சரியானதை எடுத்து, வெள்ளி நிறப் பையில் போட்டுக் கொடுத்தார்.

"பொருத்துற வரைக்கும் இந்தப் பேக்க விட்டு வெளிய எடுக்க வாணாம் தம்பி. ஒடம்புலயும் உடுப்புலயும் ஈக்கிற கரண்ட் பட்டாலும் மௌத்தாப் போயிரும், பொறகு வேல செய்யாது. பில்லையும் வெச்சிக்கோங்க."

தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன். பஸ் நிலையத்துக்கு வந்ததும் வழியில் இராணுவம் நிற்பது நினைவுக்கு வந்தது. போன மாதம், பக்கத்து லயத்துக்காரரின் ரேடியோவைத் திருத்தக் கொண்டுபோனபோது, சோதனைச் சாவடியில் இறக்கி மூன்று மணித்தியாலம் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். வயர் எதற்கு, யாருக்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் ரேடியோவும் குண்டுதான். இந்த மினுங்கும் பையையும் உள்ளே இருக்கும் கறுப்புச் சில்லுகளையும் பார்த்தால் விடுவார்களா?

கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். மெமரியை வெளியே எடுத்து சுவெட்டருக்குள் நெஞ்சோடு சொருகினேன். பையைக் கசக்கி எறிந்தேன். பில்லும் காட்டிக்கொடுக்கும் என்று அதையும் கிழித்துப் போட்டேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

சாவடியில் நல்ல மழை. காவலுக்கு நின்றவன் கூரையை விட்டு வெளியே வராமலே பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையை அசைத்தான்.

வீட்டில் பொருத்திப் பார்த்தேன். மெமரி இல்லாதபோது எப்படிப் பீப் பீப்பென்று கத்தியதோ, அப்படியே கத்தியது கம்பியூட்டர். கழற்றினேன், துடைத்தேன், மறுபடி போட்டேன். ஞாயிறு முழுவதும் இதே வேலை. திரை கறுப்பாகவே இருந்தது.

திங்கட்கிழமை மறுபடி கடைக்குக் கொண்டுபோனேன். நானா, "பில் எங்க? பேக் எங்க?" என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். கடைக்குள் நாலு பேர் நிற்க, இராணுவத்துக்குப் பயந்து எறிந்தேன் என்றா சொல்வது? அவர் மாற்றித் தரவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மாஸ்டர் அன்றைக்கே வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். இந்த முறை எதையும் ஒளிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த மெமரியை எடுத்து ஒரு இராணுவக்காரன் திருப்பிப் பார்த்தான். என் வயதுதான் இருக்கும். நான் அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவன் சிங்களத்தில், தம்பியை அழைப்பதுபோல் சாதாரணமாகச் சொன்னான்:

"கம்பியூட்டர் மெமரிதானே மல்லி? இதை இப்படிக் கொண்டுபோகக் கூடாது. அந்த வெள்ளிப் பையில் போட வேண்டும். இல்லாவிட்டால் பழுதாகிவிடும்."

நான் அவனுக்கு நன்றி சொன்னேன். பல்லைக் காட்டிக்கொண்டு, இரண்டு தரம் சொன்னேன்.