சிந்தாமல் ஊற்றிய ஒரு ஸ்பூன் பால்

படத்தில் அந்த ஸ்பூன் உதட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிடுகிறது. எவர்சில்வர் ஸ்பூன், விளிம்பு வரை பால். அதைப் பிடித்திருக்கும் கை என்னுடையது என்பது கதை. நானாக நடித்தவர் என்னைவிட உயரம், என்னைவிட நிறம், கையில் ஒரு தழும்புகூடக் கிடையாது. படுக்கையில் கிடக்கிறவரின் கண்கள் மேலே போகின்றன, உடனே கை நிற்கிறது. ஸ்பூனைப் பிடித்தவர் அறையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி இரண்டு கைகளையும் அகல விரிக்கிறார். கல்லூரி அரங்கில் படம் பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபி மாணவர்கள் அந்த இடத்தில் கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த மதினி, அந்தப் படுக்கையில் கிடந்தவரின் மனைவி, தட்டவில்லை. நானும் தட்டவில்லை. என் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உண்மையில் அந்த ஸ்பூன் நிற்கவில்லை.

பக்கவாதம் வந்து உடம்பு முழுக்க விழுந்துபோய், கண் மட்டும் மிச்சமான ஒரு மனிதர் அதற்குப் பிறகு ஆறு வருடம் எப்படி வாழ்ந்தார் என்பதுதான் அந்தப் படம். வாழ்ந்தவர் எங்கள் சிக்னல் அண்ணாச்சி. அவர் போய் மூன்று வருடமாகிறது. போன வருடம் இந்தப் படத்தை எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள், என் மகள் வயதுதான் இருக்கும். மதினி வீட்டில் வைத்து இரண்டு நாள் என்னிடம் கேள்வி கேட்டாள். பால் ஊற்றிய அன்று என்ன நடந்தது என்று கேட்டபோது, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததையே நானும் சொன்னேன். அண்ணாச்சியின் கண்ணைப் பார்த்தேன், நிறுத்திவிட்டேன் என்று. மதினி காப்பித் தம்ளரை எனக்கு முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். கப்பலின் மேல்தளத்தில் இருக்கும் கிரேன் கூண்டில் உட்கார்ந்தால் கீழே சரக்கு அறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து நின்று மரத்தடிகளுக்குக் கம்பிவடம் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் என்னையும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில், திறப்பின் விளிம்பில், ஒரு ஆள் நிற்பார். அவர் விரலைச் சுழற்றினால் தூக்க வேண்டும், உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்க வேண்டும். அந்த ஆளாகப் பத்தொன்பது வருடம் எனக்கு எதிரே நின்றவர்தான் அண்ணாச்சி. கப்பல் நிற்கும் பெர்த்தில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, சிக்னல் அண்ணாச்சி என்றால் வாட்ச்மேன்கூட வழி காட்டுவார். ஒல்லியான உடம்பு, தலையில் மஞ்சள் ஹெல்மெட், அதற்கடியில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. என்னோடு அதிகம் பேச மாட்டார். வாய் ஓயாத ஆள் நான் என்பதால் அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தூக்கச் சொல்லி விரலைச் சுழற்றுவதற்கு முன்னால், முகத்தை நிமிர்த்திக் கம்பி வழியாகக் கிரேனின் நுனி வரை ஒருமுறை பார்ப்பார். நாளாக ஆக அவருடைய விரலுக்கு நான் காத்திருப்பதில்லை. முகம் மேலே போனாலே என் கை லீவருக்குப் போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை, அவர் இரண்டு கைகளையும் விரித்து நிறுத்தச் சொன்னார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு நொடியில் ஒரு தடி சறுக்கி, கீழே நின்றவரின் தோளை உரசிக்கொண்டு போனது. வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "மொதல்ல நிறுத்து, பொறவு கேளு. யாரு காட்டுனாலும் சரி, ஒரு சின்னப் புள்ள காட்டுனாலும் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் சைகைக்கு மாறாக என் கை ஒருநாளும் அசைந்ததில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருக்கும்போது, காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளைத்தண்டில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கை இல்லை, கால் இல்லை, வாய் இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. இனி நினைவு திரும்பாது, வீட்டில் வைத்துக்கொள்வதென்றால் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஓட்டப்பிடாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் மதினியின் அண்ணன் வந்து எல்லாப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். மூக்குக் குழாயை எடுத்தார்கள். முன்னறையில் கட்டிலைப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் விட ஆரம்பித்தார்கள்.

கல்நெஞ்சக்காரர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிர் யாரோ ஒருவர் கையால் கடைசியாகப் பால் வாங்கக் காத்திருக்கும், அந்த ஆள் வந்து ஊற்றிவிட்டால் நிம்மதியாகப் போகும் என்பது நம்பிக்கை. ஆறுமுகநேரியில் கட்டிக்கொடுத்த மகள் ஊற்றினாள், மதினி ஊற்றினாள், தங்கைமார் ஊற்றினார்கள். எல்லோருக்கும் கை நடுங்கியது. பால் கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்ததே தவிர உள்ளே போகவில்லை. உயிரும் போகவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மதினியின் அண்ணனுக்கு என் நினைவு வந்து ஆள் அனுப்பினார். ஷிப்டை விட்டு, கையில் கிரீஸோடு போய் நின்றேன். "பத்தொம்பது வருசம் ஒங்க கைய நம்பி நின்ன மனுசன். ஒங்க கைக்குத்தான் காத்துக் கெடக்காரு. ஊத்துங்க தம்பி" என்று ஸ்பூனை என்னிடம் கொடுத்தார்.

கட்டில் ஓரத்தில் குனிந்தேன். அண்ணாச்சியின் கண்கள் பாதி திறந்திருந்தன. ஸ்பூனைக் கொண்டுபோனேன். அந்தக் கண்கள் மேலே போயின. இறங்கி என் முகத்தைப் பார்த்தன. திரும்பவும் மேலே போயின. கம்பி வழியாகக் கிரேன் நுனிக்குப் போகிற அதே பார்வை. ஸ்பூனைத் தூக்கு என்கிறார். எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் அது ஒட்டவில்லை. அந்த நொடியில் ஏன் நிறுத்தவில்லை என்றால், வெட்கப்பட்டேன். அறை நிறைய ஆள். எனக்குப் பின்னால் ஒரு வரிசை. அண்ணாச்சி தூக்கச் சொல்கிறார் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னால் பைத்தியக்காரன் என்பார்களே என்று கூச்சப்பட்டேன். சாகக் கிடக்கிறவருக்குக் கண் செருகும்தானே என்று ஒரு சாக்கும் கைவசம் கிடைத்தது. ஊற்றினேன்.

எல்லோர் கையும் நடுங்கியது, என் கை நடுங்கவில்லை. ஆறு டன் மரத்தடியை லாரிமேல் அலுங்காமல் இறக்கிப் பழகிய கை. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. முழுப் பாலும் அவர் தொண்டைக்குள் போனது.

விழுங்க முடியாத மனிதர் அவர். உள்ளே ஒரு களகளப்பு கேட்டது. முகம் சிவந்து, பிறகு நீலமாகத் தொடங்கியது. கண்கள் மட்டும் மேலே, மேலே, மேலே என்று போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒரு பெண் பிலாக்கணத்துக்கு வாயெடுத்தாள். அப்போதுதான் நான் திரும்பி இரண்டு கைகளையும் விரித்தேன். கப்பல் தளத்தில் காட்டுகிற சைகையை ஒரு வீட்டு முன்னறையில் காட்டிக் கத்தினேன். அவரை ஒருக்களித்துப் போட்டு முதுகில் தட்டினேன். பால் நுரையோடு வெளியே வந்தது. மதினியின் அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், நான் அவரைத் தள்ளிவிட்டேன். அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிகிறது என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். ஆம்புலன்ஸ் வந்தது.

அன்று மாலை ஒரு இளம் டாக்டர் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, நான் பேசுவது கேட்டால் மேலே பாருங்கள் என்றார். அண்ணாச்சி மேலே பார்த்தார். மதினி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால் நுரையீரலுக்குள் போனதால் சளி கட்டி, தொண்டையில் துளை போட்டு, மூன்று வாரம் அவர் செத்துப் பிழைத்தார். அந்த மூன்று வாரமும் என் கணக்கில்தான் சேரும். ஆனால் ஊர் என்னைக் காப்பாற்றியவன் என்றது. அண்ணாச்சியின் மகள் என் காலில் விழுந்தாள். நானும் வேண்டாம் என்று சொல்லாமல் நின்றேன்.

பிறகு ஆறு வருடம். மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடினால் இல்லை. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் குடும்பம் நடத்தினார். படத்தில் இதெல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். மூக்கில் ஈ உட்கார்ந்தால் அது எழுந்து போகிற வரை அவர் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். ஃபேன் வேண்டுமா என்று கேட்காமல் ஃபேன் போட்டால் கோபம் வரும், ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொள்வார். சிரிப்பு வந்தால் நிற்காது, அழுகை வந்தாலும் நிற்காது. பேரனுக்குப் பெயர் வைத்தபோது பதினான்கு பெயர்களுக்குக் கண்ணை மூடி எங்களைப் படுத்தி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் பெர்த்தில் என்ன கப்பல் நிற்கிறது, எந்தப் புது சிக்னல்மேன் கொசு விரட்டுகிறமாதிரிக் கை காட்டுகிறான் என்றெல்லாம் சொல்வேன். வாய் ஓயாத எனக்கு அவர்போல ஒரு ஆள் கிடைத்ததில்லை. ஆனாலும் அவர் என்னை உற்றுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் பேச்சை வேறு கப்பலுக்குத் திருப்பிவிடுவேன். கேட்க அவருக்கு வாய் இல்லை, சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பால் ஊற்றி இரண்டு வருடம் கழித்து, தொண்டைக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா, உட்காரவைத்துக் கெட்டியான கஞ்சி ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். புரையேறினால் ஆபத்து, பக்கத்தில் சளி உறிஞ்சும் மெஷினை வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். யார் ஊட்டுவது என்று மதினி கேட்டாள். நானா என்றாள். கண்ணை மூடினார். மகளா, டாக்டரம்மாவா என்றாள். இரண்டுக்கும் மூடினார். பிறகு மதினி என்னைக் காட்டி, "தம்பியா?" என்று கேட்டாள். கண்கள் மேலே போயின. முடியாது என்றேன், என் கை முரட்டுக் கை என்றேன், மதினியே கொடுக்கட்டும் என்றேன். அந்தக் கண்கள் கீழே இறங்கவே இல்லை.

அதே எவர்சில்வர் ஸ்பூன். வாழ்க்கையில் முதன்முதலாக என் கை நடுங்கியது. பாதிக் கஞ்சி தாடையில் வழிந்தது, பாதி உள்ளே போனது. தொண்டைக் குமிழ் அசையவில்லை. மெஷினின் குழாயை டாக்டரம்மா கையில் எடுத்துவிட்டார். பிறகு அந்தக் குமிழ் மெல்ல ஏறி, இறங்கியது. அண்ணாச்சி மேலே பார்த்தார். இன்னும் வேண்டும் என்கிறார். மூன்று ஸ்பூன் கொடுத்தேன். கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதேன். அன்றைக்கு நான் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன் என்பது பாவம் இந்த மனிதருக்குத் தெரியாது, அதனால்தான் என் கையைக் கேட்கிறார் என்று நினைத்து அழுதேன். அதே நினைப்போடுதான் நாலு வருடம் கழித்து அவர் பாடையைத் தூக்கிக்கொண்டும் போனேன்.

படம் முடிந்து அரங்குக்கு வெளியே ஆட்டோவுக்கு நின்றோம். காற்றில் நிலக்கரித் தூசி. பிள்ளைகள் சிலர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மதினி, படத்துல வாரது பொய். அண்ணாச்சி கண்ணு மேல போனத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஊத்துனேன்" என்றேன்.

மதினி முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்தாள். "தெரியும் தம்பி" என்றாள். "கஞ்சி குடுக்கதுக்கு முந்துன வாரமே நான் கேட்டுட்டேன். அன்னைக்குத் தம்பிகிட்ட ஸ்பூனத் தூக்கச் சொன்னியளான்னு கேட்டேன், மேல பாத்தாவ. தம்பி அதப் பாத்தாரான்னு கேட்டேன், அதுக்கும் மேல பாத்தாவ."

தெரிந்திருந்துமா என் கையைக் கேட்டார் என்றேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டேன். ஏன்னு கேட்டா ஆமா இல்லன்னு எப்படிச் சொல்லுவாவ? என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ" என்றாள். ஆட்டோ வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தபடி, "படம் எடுத்த அந்தப் புள்ளகிட்ட நான் சொல்லியிருக்கலாம். ஆனா அத நீங்கல்லா சொல்லணும்" என்றாள். ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் சென்னைக்குப் போன் செய்து அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். படம் முடிந்துவிட்டது அங்கிள், இனி மாற்ற முடியாது என்றாள். அந்த இடத்தில்தான் எல்லோரும் கை தட்டுகிறார்கள் என்றும் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை, நான் சொன்னதைத்தான் எடுத்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். படத்தைப் பார்க்கிறவர்கள் பாருங்கள், நல்ல படம். அந்த ஸ்பூன் மட்டும் நிற்கவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியது என் கை. அது அண்ணாச்சிக்குத் தெரியும், தெரிந்துதான் திரும்பவும் அந்தக் கைக்கு வாயைக் கொடுத்தார்.