மாமாவின் பியர்க் கணக்கு

எங்கள் மாமாவைப்போல பியரை மதித்த இன்னொரு மனிதரை நான் காணவில்லை. இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவர். பிளாக்டவுனில் வாடகைக்கு எடுத்த அறையில் இடம் இல்லாததால், பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக் கராஜில்தான் பியர் தயாரித்தார். ஈஸ்ட் போட முன்னர் ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டு ஓர் எண் எடுப்பார். புளித்து முடிந்ததும் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மதுசாரம் எத்தனை வீதம் என்று சொல்லிவிடுவார்.

ஒருமுறை முதல் எண்ணைக் குறிக்கும் பொறுப்பை ஒன்பது வயதான என்னிடம் தந்தார். கடதாசி தேடப் பஞ்சிப்பட்டு உள்ளங்கையில் எழுதினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா எண்ணெய் வைத்து முழுகவார்த்தார். எண் போய்விட்டது. இரண்டு கிழமை நான் வாய் திறக்கவில்லை.

பியர் தயாரான சனிக்கிழமை மத்தியானம், “எத்தனை எண்டு எழுதினனி, பிள்ளை?” என்று மாமா கேட்டதும் அழுதுவிட்டேன். அவர் ஏசவில்லை.

அப்பா கிளாசும் கையுமாக நின்றார். “நாலு வீதம் வரும். குடிச்சுப் பாத்தாத் தெரியாதே?”

“நாக்கை நம்பேலாது, அத்தான்.”

மாமா ஒரு போத்தல் பியரை அளந்து எடுத்து, குசினியில் பாதியாக வற்றும்வரை காய்ச்சினார். மதுசாரம் ஆவியாகிவிடுமாம். குறைந்த அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஆறவைத்து மறுபடி அளந்தால், காய்ச்ச முன்னர் எடுத்த எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில், தொலைந்த முதல் எண் இல்லாமலே கணக்குப் பிடிக்கலாமாம். வீடெல்லாம் புளித்த பாண் மணம். அம்மா ஓடிவந்தார்.

“அது சைவச் சட்டியடா. இனி வெள்ளிக்கிழமை நான் எதில சமைக்கிறது?”

“புதுசு வாங்கித் தாறன், அக்கா,” என்றார் மாமா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது ஆறும்வரை மத்தியானச் சாப்பாடும் காத்திருந்தது. கடைசியில் ஐந்து தசம் எட்டு வீதம் என்றார். தனக்கு அரைக் கிளாஸ் மட்டும் ஊற்றி, மெல்ல மெல்லக் குடித்து, பின்னேரம் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அப்பா சிரித்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. மாமா பெரிய விஞ்ஞானி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அவருடைய விசா தற்காலிகமானது என்று வீட்டில் கதைப்பது காதில் விழுந்திருக்கிறது. வழியில் பொலிஸ் மறித்து ஊதச் சொல்லி, மதுசாரம் அளவுக்கு மேல் காட்டினால், அப்பாவுக்குப் போவது லைசன்ஸ்தான், மாமாவுக்கு இந்த நாடே போகலாம் என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை.