ஆள் பாரம்

என் தம்பி பருத்த உடம்புக்காரன். எங்கள் குப்பத்தில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. கடலில் அலை படகின் மூக்கைத் தூக்கும்போது, "முன்னால போயி குந்துடா" என்று அவனைத்தான் அனுப்புவார்கள். அவன் போய் உட்கார்ந்ததும் மூக்கு தணிந்துவிடும். படகில் பாரத்தைச் சரிசெய்ய எங்கள் ஆட்களுக்குக் கைவந்த வழி அது. சாமானை நகர்த்த மாட்டார்கள், ஆள்தான் நகர வேண்டும். கடலுக்கு அது சரி. ரோட்டுக்கும் அதுவே போதும் என்று நினைத்தார்களே, அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஒரு பழைய ஜீப்பும், அதன் பின்னால் மாட்டி இழுக்கும் ட்ரெய்லரும் வாங்கினார். ஓட்டை விழுந்த ஃபைபர் படகுகளை ஏற்றிக்கொண்டுபோய் கருவடிக்குப்பம் பக்கத்து ரிப்பேர் ஷெட்டில் விடுவது தொழில். தம்பி அவருக்குத் துணை.

அந்த ட்ரெய்லர் யாரோ சின்னப் படகுக்காகச் செய்தது. படகின் மூக்கு வந்து முட்டி நிற்கும் தடுப்புக் கம்பி சக்கரத்துக்குக் கிட்டவே இருந்தது. எங்கள் நீளப் படகை ஏற்றினால் பாதிக்கு மேல் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு இன்ஜினும் பின்பக்கம். அதைக் கழற்றித் தூக்கப் படகுக்காரர்களுக்குச் சோம்பல். வால் கனத்தால் தலை தூக்காமல் என்ன செய்யும்? ஜீப்பில் மாட்டிய கொக்கி மேலே எவ்வும். கொஞ்சம் வேகமெடுத்தால் ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடி, ஜீப்பையே சேர்த்து ஆட்டும்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் தினமும் மீன்கூடையோடு ஆட்டோவில் பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவள். பின்னால் ஐஸ் பெட்டி கூடிவிட்டால் முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது என்பது ஆட்டோக்காரர் திட்டும் திட்டிலேயே எங்களுக்குத் தெரியும்.

"யோவ், படக இன்னும் முன்னால தள்ளி வைக்கக்கூடாதா?" என்று கேட்டேன்.

"தடுப்புக் கம்பிய அறுத்து முன்னால வச்சி ஒட்டணும். அதுக்கு யாரு அலையறது? அதான் மச்சான் இருக்கான்ல?" என்றார் வீட்டுக்காரர்.

தம்பி சிரித்தான். "நான் குந்துனா கொக்கி வாயே தொறக்காதுக்கா."

ஜீப்புக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் போகும் நீட்டுக் கம்பிதான் அவன் இடம். அதன்மேல் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, படகின் கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி உட்காருவான். அவன் ஏறியதும் கொக்கி அடங்கிவிடும். தெருவில் பிள்ளைகள் கையசைத்தால் பதிலுக்குக் கையசைப்பான். முகத்தில் அப்படியொரு மாப்பிள்ளைக் களை. தான் இல்லாமல் வண்டி நகராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஷெட்டுக்குத் திரும்பும் தெருவில் ஒரு வேகத்தடை. ஜீப் ஏறி இறங்கியதும் படகின் வால் கீழே போக, தம்பி உட்கார்ந்திருந்த நீட்டுக் கம்பி எகிறியது. ஈரக் கயிறு கையில் நிற்கவில்லை. கீழே விழுந்தவனின் இடுப்பில் ட்ரெய்லர் சக்கரம் ஏறி இறங்கியது. நான் மார்க்கெட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். போன் வந்ததும் அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு, செதில் ஒட்டிய கையோடு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனி நடக்க முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்காரர் வராந்தாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் அழுததைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. அவரோடு வெகுநாள் பேசவில்லை.

தம்பியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கட்டிலில் போட்டோம். அதற்குப் பிறகுதான் அவர் வெல்டிங்காரரைக் கூட்டிவந்து தடுப்புக் கம்பியை அறுத்து முன்னால் வைத்து ஒட்டினார். காலையில் தொடங்கிய வேலை சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படகை ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் கொக்கியைக் கையால் தூக்கிப் பார்த்தார். மிதமாகக் கனத்ததும் நிறுத்திக் கட்டினார். ரொம்ப முன்னால் போனால் ஜீப்பின் முதுகு அமுங்கிவிடுமாம். எல்லாம் தெரிந்துதான் வைத்திருந்தார். தம்பி உட்கார்ந்த இடத்துக்கு மேல் படகின் மூக்கு நின்றது.

ட்ரெய்லர் ஆடாமல் அசையாமல் ஜீப்பின் பின்னாலேயே போனது. அரை நாள் வேலைக்குச் சோம்பல்பட்டு என் பிள்ளை மாதிரி வளர்த்தவனை முடமாக்கிவிட்டார்களே என்று வாய்விட்டு அழுதேன்.

உள்ளே கட்டிலில் கிடந்த தம்பிக்கு ஜீப் சத்தம் கேட்டிருக்கிறது.

"அக்கா, என் எடத்துல இப்ப யாரு குந்திக்கினு போறாங்க?"

எதிர்வீட்டுக்காரன் என்று சொல்லிவிடலாம்தான். எத்தனை நாளைக்கு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது?

"யாருமில்லடா. தடுப்புக் கம்பிய முன்னால நவுத்திட்டாரு. ஆளு வேணாம்."

அவன் என் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அப்ப மொதல்லயே நான் வேணாமாக்கா?"

"வேணாம்டா," என்றேன்.

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.