டேனரி எடுக்காத கண்

இந்த ஜெர்மானிய ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் இதுவரை என் ஊர்ப் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்த பெண், என்னைப் பார்த்த சற்று நேரத்திலேயே என் அப்பாவின் கண்ணைப் பற்றி விசாரித்தார். ஓட்டுநர் உரிமத்துக்காகக் கண் பரிசோதிக்கப் போயிருந்தேன். ஓர் இயந்திரம் கண்ணில் புஸ்ஸென்று காற்றை ஊதியது. "குடும்பத்தில் யாருக்காவது க்ளாகோமா உண்டா?" என்றார். இல்லை என்றேன். "பெற்றோருக்குப் பார்வை நன்றாக இருக்கிறதா?" "அம்மாவுக்கு இருக்கிறது. அப்பாவுக்குப் போய்விட்டது. அது டேனரியால்." அவர் புரியாமல் பார்த்தார். தோல் பதனிடும் இடம், அங்கே வேலை செய்தால் கண் போகும் என்று விளக்கினேன். "அப்படி எந்த மருத்துவர் சொன்னார்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எந்த மருத்துவரும் சொல்லவில்லை. எங்கள் தெருதான் சொன்னது.

ஆம்பூரில் எங்கள் தெருவில் எந்த நோய் வந்தாலும் டேனரியின் தலையில்தான் போடுவோம். பல நேரம் அது நியாயமாகவும் இருக்கும். அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு எடுக்கும் வேலை பார்த்தார். தினமும் கண் எரிச்சலோடுதான் வீடு திரும்புவார். அதனால் சின்ன வயதிலேயே அவர் பார்வை மங்கியபோது யாரும் வேறு காரணம் தேடவில்லை. முதலில் போனது ஓரப்பார்வை. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. கூட வேலை செய்த பாஷா பாய் ஒருநாள் தெருவில் அவரை வழிமறித்து, "இன்னா தோஸ்த், நேத்து ஜாஸ்தியா? பக்கத்துலயே வர்றேன், கண்டுக்காம போறே," என்று கேலி செய்தார். அப்பா குடித்ததே இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஏன் செத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே.

"என் கண்ணக் குடுத்துத்தான் இவளப் படிக்க வெச்சேன்," என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா பெருமையாகச் சொல்வார். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பொறியியல் பட்டம் வாங்கிய அன்றும் அந்தப் பெருமைக்குள் என்னைக் குத்தும் ஒரு முள் இருந்தது.

கடைப் பெண் அனுப்பிவைத்த கண் மருத்துவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு ஓரப்பார்வை முதலில் போன கதையைக் கேட்டதும் அவரைத் திரும்பப் பரிசோதிக்கச் சொன்னார். வேலூரில் பார்த்தார்கள். க்ளாகோமாதான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலிக்காமலே பார்வை நரம்பை அழித்துவிடும் நோய். இளவயதிலேயே வந்திருந்ததால் ரத்தத்தையும் சோதித்தார்கள். ஒரு மரபணுவில் சின்ன மாற்றம் இருந்தது. அது பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இங்கே மரபணு ஆலோசகர் ஒருவர் என் குடும்பத்தைப் படமாக வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பா தன் சொந்த அக்கா மகளைக் கட்டிக்கொண்டவர் என்றதும் பென்சில் நின்றது.

"உங்கள் அம்மாவுக்கு உங்கள் அப்பா என்ன உறவு?"

"கணவர்."

"அதற்கு முன்பு?"

"தாய்மாமன்."

அவர் ரப்பரைத் தேடினார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் மாமன் உறவு பெரிய உறவு. அதைத் தப்பாகப் போட்ட கோடு மாதிரி யாரும் அழிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "இதனால்தான் வந்ததா?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். "இல்லை. இந்த மாற்றம் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்," என்றார். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று ஊர் பேசுமோ எனப் பயந்துகொண்டிருந்த அம்மா, அன்று போனில் நிம்மதியாக அழுதார். அம்மாவிடம் அந்த மாற்றம் இல்லை. என்னிடமும் இல்லை.

மிச்சம் இருந்தது தம்பி சேகர். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறான். பரிசோதனைக்குப் போகமாட்டேன் என்றான்.

"எனக்குக் கண்ணு சூப்பராத் தெரியுதுக்கா. பேஜார் பண்ணாத. தோ பாரு," என்று வீடியோவிலேயே ஊசியில் நூல் கோத்துக் காட்டினான். கை தடுமாறவே இல்லை.

"அப்பாவும் கோத்தாருடா. ரெண்டு பக்கமும் தெரியாமப் போன பொறவும் கோத்தாரு."

அவன் ஊசியைக் கீழே வைத்தான். மறுநாளே லீவு போட்டுவிட்டு வேலூர் பஸ் ஏறினான்.

அவனிடம் அந்த மாற்றம் இருந்தது. கண் அழுத்தமும் கூடியிருந்தது. ஆனால் நரம்பு இன்னும் கெடவில்லை. விடாமல் சொட்டு மருந்து போட்டு, தவறாமல் வந்து காட்டினால் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். செய்தி வந்தபோது அலுவலகத்தில் இருந்தேன். கழிப்பறைக்குப் போய் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அதுவரை யாரும் சொல்லாத காரணத்தை அப்பாவிடம் நான்தான் சொன்னேன். "அப்ப டேனரி எடுக்கலியா?" என்றார்.

"இல்லப்பா. பொறக்கும்போதே இருந்திருக்குது."

"சுண்ணாம்பு?"

"அதுவும் இல்லப்பா."

இத்தனை வருடம் சொல்லிவந்த பெருமையைப் பிடுங்கிவிட்டேனோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"அப்ப உன்னப் படிக்க வெச்சது?"

"அது நீங்கதாம்பா. கண்ணு இல்ல, நீங்க."

"அது போதும்மா," என்றார். பிறகு, "ஆனா மூக்குல வாசனை செத்தது அந்த டேனரியாலதான். அத எந்த டாக்டர் சொன்னாலும் ஒத்துக்கமாட்டேன்," என்று சிரித்தார்.

இப்போது தினமும் சேகர் சொட்டு மருந்து போடும் நேரத்தில் வீடியோவில் கூப்பிடுகிறான். ஊரில் அப்போது இருட்டியிருக்கும், என் ஜன்னலில் இன்னும் வெயில் இருக்கும். அவன் தலையை அண்ணாந்து, கீழ் இமையை இழுத்துப் பிடிப்பான். "விட்டியாடா?" என்று பக்கத்தில் அப்பா கேட்பது காதில் விழும். அதே நேரம் இங்கே என் தலையும் தானாகவே அண்ணாந்துவிடுகிறது. இமைக்காமல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். என் கண்ணில் எதுவும் விழுவதில்லை.