அறுபத்திரண்டு கிணறுகளின் நீர்மட்டம்

வத்திராயிருப்பில் பாலம்மாள் போட்ட போர்வெல் அறுநூறு அடி போயும் புழுதியைத்தான் கக்கியது. மறுநாள் அந்தப் பக்கம் வந்த வெங்கடேஸ்வரியை அவள் வரப்பிலேயே மறித்தாள்.

“ஏட்டி, ஒம்பது வருசமா மாசந்தவறாம எங்க கெணத்துல நாடாவ விட்டு அளந்தியே. தண்ணி கீழ போய்க்கிட்டே இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

ராஜபாளையம் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வுத் திட்டத்தில் வெங்கடேஸ்வரி கள உதவியாளர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ் பிடித்து வந்து, மலையடிவாரத்தில் அறுபத்திரண்டு கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தவள். ஒருமுறை கிணற்றுப் படியில் வழுக்கி முழங்கை உடைந்தபோதும் அடுத்த மாத அளவை விடவில்லை. எழுதி எழுதிக் கொடுத்தாளே தவிர, அத்தனை வருட எண்களையும் வரிசையாக வைத்து அவளும் பார்த்ததில்லை. திட்டம் முடிந்து இரண்டாண்டு ஆகிறது. இப்போது புதுத் திட்டம். அதே கிணறுகள், முதலிலிருந்து.

அன்று மாலையே துறைக் கம்ப்யூட்டரில் தேடினாள். ஊர்ப்பெயர், கிணறு, நீர்மட்டம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் கல்லூரித் தளத்தின் ஒரு மூலையில் ‘இறுதி அறிக்கை 2’ என்று கிடந்தது. கோணலாக ஸ்கேன் செய்த முந்நூறு பக்கம். ஓர் எண்ணைக்கூடத் தனியே எடுக்க வழியில்லை. துறைக் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய எக்செல் கோப்பைத் திறந்தால் தலைப்புகள் ‘கே1’, ‘எம்2’. அதற்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் நேரே துறைத்தலைவர் அழகுராஜாவின் அறைக்குப் போனாள்.

“சார், பழைய டேட்டாவ யாரு தேடினாலும் கெடைக்கிற மாதிரி போடணும்.”

“வெப்சைட்லதான் இருக்கேம்மா.”

“படமா இருக்கு சார். மெஷினுக்கும் புரியாது, மனுசனுக்கும் புரியாது.”

“எல்லாரும் எடுத்துக்கிட்டா? நாம இன்னும் ரெண்டு கட்டுரை எழுத வேண்டாமா?”

“ரெண்டு வருசமா எழுதலையே! பாலம்மாக்கா வறண்ட போரப் பாத்துக்கிட்டு நிக்கிறாவ. அவிய கெணத்து அளவு நம்ம பீரோவுல தூங்குது. நீங்க எழுதுற வரைக்கும் தண்ணி காத்திருக்குமா?”

அழகுராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “லைப்ரரியன்கிட்ட கேட்டு என்னவோ செய்” என்றார்.

நூலகர் கௌதம்ராஜுக்கு வழி தெரிந்திருந்தது. மூன்று வாரம் இருவரும் உட்கார்ந்தார்கள். எண்களை எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கும் எளிய அட்டவணையாக்கினார்கள். நாலு விதமாக எழுதிய தேதிகளை அவள் ஒரே விதமாக்கினாள். ‘கே1’ என்பது கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் வரை, மீட்டரில் என்று ஒவ்வொரு தலைப்புக்கும் விளக்கம் எழுதினாள். எந்த இடம், எந்த வருடங்கள், யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையெல்லாம், தேடுபொறிகள் படிக்கும் பொதுவான முறையில் இணையப் பக்கத்துக்குள்ளேயே கௌதம்ராஜ் பதித்தார். கல்லூரித் தளம் மாறினாலும் மாறாத இணைய முகவரி ஒன்றும் அதற்கு வாங்கினார்.

பக்கத்தில் போடவேண்டிய விவரத்தாளில் ‘உருவாக்கியவர்’ என்ற இடத்தில் அழகுராஜா தன் பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தார்.

வெங்கடேஸ்வரி அந்தத் தாளை அவர் மேஜையில் அறைந்தாற்போல் வைத்தாள்.

“கெணத்துல எறங்குனது யாரு சார்?”

“கீழ நன்றின்னு போட்டுக்கலாம்மா.”

“நன்றி வேண்டாம், பேரு போடுங்க. நாளைக்கு ஒருத்தர் கேட்டா நீங்க என்ன சொல்லுவீய? கே1னா என்ன, சொல்லுங்க பாப்போம்.”

அழகுராஜா முகம் சிவக்கப் பேனாவை எடுத்து அவள் பெயரையும் எழுதினார்.

எல்லாம் இணையத்தில் ஏறிய ஏழாவது வாரம் கோயம்புத்தூரிலிருந்து ரமீஜா என்ற ஆய்வாளரின் மின்னஞ்சல் வந்தது. தேடியதும் கிணற்று அளவுகள் கிடைத்தனவாம். மழை அளவோடு சேர்த்து, எந்தெந்த ஊரில் நீர் இறங்குகிறது என்று வரைபடமே போட்டு அனுப்பியிருந்தார். புதுத் திட்டமும் முதலாம் ஆண்டு என்று தொடங்காமல், பழைய ஒன்பது ஆண்டு அளவுகளோடு சேர்ந்து பத்தாம் ஆண்டாகத் தொடர்ந்தது.

கௌதம்ராஜ் இனிப்பு வாங்கி வந்தார். வெங்கடேஸ்வரி தொடவில்லை. துறை பீரோவில் இன்னும் பதினோரு அறிக்கைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மா மகசூல், செண்பகத்தோப்பு மழை, என்னென்னவோ. அவளுக்குக் கோபம் ஆறவில்லை. பீரோச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கட்டை அவிழ்க்கப் போனாள்.